கை நடுங்கினால் எல்லாமே ‘பார்க்கின்சன்’ அல்ல!

“வைத்தியரய்யா, கை தன்னால ஆடுது. சும்மா மடியில வச்சிருந்தாத்தான் ஆடுது. சாப்பாட்டுல கையை வச்சா நின்னு போகுது!”

ராஜபாளையத்தில் நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார். அதே வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். “சும்மா இருக்கும்போது ஒண்ணுமில்லீங்க. காபி டம்ளரைத் தூக்கினாத்தான் நடுக்கம். கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சமா இருக்கு. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எனக்குப் பார்க்கின்சனா?” என்று அழாத குறை.

இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனால் இந்த இரண்டு நடுக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் ரொம்பப் பெரிசு!

நீங்களே கவனியுங்கள்

உங்கள் வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால் முதலில் ஒன்றைப் பாருங்கள். நடுக்கம் வருவது கை ஓய்ந்திருக்கும்போதா, வேலை செய்யும்போதா?

ஓய்ந்திருக்கும்போது, பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் ஆரம்பித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல அசைந்தால் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். நொடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும். கூடவே நடை தளரும், உடம்பு விறைக்கும், நடக்கும்போது கை வீச்சு குறையும், கையெழுத்து வரவர எறும்பு மாதிரி சின்னதாகும். மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் பல வருஷம் முன்பே வந்திருக்கும்.

டம்ளரைத் தூக்கும்போதும், கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கையும் நடுங்கினால் அது பெரும்பாலும் பரம்பரையாக வரும் நடுக்கம். ஆங்கில மருத்துவர்கள் ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மாவுக்கு இருந்தது இதுதான். இது உயிரை எடுக்காது, படுக்கையிலும் தள்ளாது.

இன்னும் சில காரணங்கள் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ஆஸ்துமா மருந்து, சில வலிப்பு மாத்திரைகள், அளவுக்கு மீறிய காபி எல்லாமே கையை நடுங்க வைக்கும். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் தானாகவே வாங்கி விழுங்குகிறவர்களுக்குப் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் விறைப்பும் வரலாம்.

நாற்பது வயதுக்குக் கீழே நடுக்கம் வந்தால் உடம்பில் தாமிரம் தேங்கும் ‘வில்சன்’ நோயா என்று ரத்தமும் கண்ணும் பரிசோதிக்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்கள் இதை மறக்கவே கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்கு அடங்கும் நோய் இது.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளைத் தண்டின் மேல்பகுதியில் கறுப்பு நிறத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்று பெயர். அங்குள்ள செல்கள் சுரக்கும் டோபமைன்தான், நாம் நினைத்தவுடன் அசைவு தடங்கலில்லாமல் தொடங்க உதவுகிறது. இந்தச் செல்கள் மெள்ள மெள்ள அழிவதுதான் பார்க்கின்சன் நோய். ஏறக்குறைய பாதி அழிந்த பிறகே வெளியில் தெரிகிறது. பரம்பரை நடுக்கத்தில் டோபமைன் குறைவதில்லை. சிறுமூளைக்கும் ‘தலாமஸ்’ என்ற பகுதிக்கும் இடையே ஓடும் செய்தியில்தான் தாளம் தப்புகிறது. அதனால்தான் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்குக் கேட்பதில்லை. பரம்பரை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம்ம ஊர் மலையடிவாரத்து விதை

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதியது 1817-ல். வாத நோய்கள் எண்பது என்று சொல்லும் சித்த மருத்துவத்தில் ‘நடுக்குவாதம்’ என்ற பெயர் உண்டு. அதற்கு நாங்கள் கொடுப்பது பூனைக்காலி விதை. தொட்டால் அரிப்பெடுக்கும் காய். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியர்கள் இந்த விதையைப் பல தடவை வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். நாங்கள் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சுத்தி செய்கிறோம்.

இந்த விதையில் ‘எல்-டோபா’ என்ற பொருள் இருப்பதை 1937-ல் பிரித்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். மூளைக்குள் போய் டோபமைனாக மாறுவது இந்தப் பொருள்தான். ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைவு என்பது 1960-ல்தான் வியன்னாவில் தெரிந்தது. 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் டோபாவை அதிக அளவில் கொடுத்து, விறைத்துக் கிடந்தவர்களை எழுந்து நடக்க வைத்தார். இன்று உலகம் முழுக்கக் கொடுக்கும் மாத்திரையிலும் அதே எல்-டோபாதான்!

நான் செய்த தவறு

ராஜபாளையம் பெரியவருக்குப் பூனைக்காலி சூரணம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி ஓடி வந்தார். “கை ஆட்டம் கொறஞ்சிருச்சுய்யா. ஆனா உடம்பே நெளியுது. எந்திரிச்சா தலை சுத்தி விழுறாரு. ராத்திரியில இல்லாத ஆளெல்லாம் இருக்கிறதா சொல்றாரு!”

விசாரித்தால், மூன்று வருஷமாக அவர் ஆங்கில மருந்தும் சாப்பிட்டு வருகிறார். நான் கேட்கவில்லை. ‘வைத்தியர் கோவிச்சுக்குவார்’ என்று அவரும் சொல்லவில்லை. எல்-டோபாவோடு அந்த மாத்திரையில் கார்பிடோபாவும் இருக்கிறது. எல்-டோபா வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போய்ச்சேர உதவுவது அது. என் சூரணத்துக்கும் அதே உதவியைச் செய்துவிட்டது! அளவு எகிறிப்போனது. சூரணத்தை நிறுத்தி, அன்றே மதுரைக்கு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். சில நாளில் தெளிந்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, “வீட்டிலிருக்கிற மாத்திரையெல்லாம் மஞ்சப்பையில் கொண்டு வந்தீங்களா?” என்பதுதான்.

மறக்காதீர்கள்

* பூனைக்காலி பொடியை நாட்டு மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். விதைக்கு விதை எல்-டோபாவின் அளவு மாறும்.

* “நாட்டு மருந்து ஆரம்பிச்சாச்சே” என்று ஆங்கில மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

* எல்-டோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தண்ணீரில் விழுங்குங்கள். பால், பருப்பு, முட்டையோடு சேர்த்தால் சரியாக ஏறாது. குமட்டல் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

* தினமும் நடை, கை கால் நீட்டும் பயிற்சி அவசியம். வழுக்கும் குளியலறையில் ஒரு கைப்பிடி வையுங்கள்.

* மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்கு, மூளையில் மின்முனை வைக்கும் சிகிச்சை 1987 முதல் இருக்கிறது. யாருக்குப் பொருந்தும் என்பதை நரம்பியல் மருத்துவர் சொல்வார்.

பெரியவர் இப்போதும் என்னிடம் வருகிறார், மலச்சிக்கலுக்கு மருந்து வாங்க. மாத்திரைச் சீட்டு சட்டைப்பையிலேயே இருக்கிறது. கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டிவிடுகிறார்!