மாமா கேட்ட ஒரே கேள்வி: டிரிப்புக்கு எந்த எஸ்பிரெசோ மேக்கர்?

டிஎம்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "ப்ரோ, டிரிப்புக்கும் கேம்பிங்குக்கும் எந்த எஸ்பிரெசோ மேக்கர் வாங்கலாம்?"

போன பொங்கலுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ்ல விருதுநகர்ல இறங்கி, எங்க ஊர் மல்லாங்கிணறுக்குப் போயிருந்தேன். பையில இருந்த கை பம்ப் மேக்கரை எடுத்து மாமாகிட்ட பெருமையா காட்டினேன். மாமா பட்டாசு ஆலையில ஃபோர்மேனா இருந்தவர். சட்டைப் பையில தீப்பெட்டி இல்லைன்னு காட்டிட்டுத்தான் தினமும் உள்ள போவார். அவருக்குக் காபின்னா ஃப்ளாஸ்க்தான். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "அது சரி மாப்ள, இதுக்கு நெருப்பு எங்கருந்து வரும்?"

நீங்களும் வாங்குறதுக்கு முன்னாடி முதல்ல கேட்க வேண்டியது இதைத்தான்.

ஏன்னு சொல்றேன். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தி வெச்சிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி எரிஞ்சு 9 பேர் இறந்தாங்க. யாருக்கும் தெரியாம உள்ள கொண்டு வந்த கேஸ் சிலிண்டரை வெச்சு அடுப்பு பத்த வெச்சதுதான் காரணம்னு ரயில்வே சொன்னது. நாகர்கோவில்ல புனலூர்–மதுரை எக்ஸ்பிரஸோட சேர்த்த பெட்டி அது. எங்க விருதுநகரைத் தாண்டித்தான் மதுரைக்குப் போயிருக்கு. கேம்பிங் ஸ்டவ்வோட சின்ன கேஸ் கேனும் ரயில்ல ஏத்தக் கூடாது. மீறினா, 1989 ரயில்வே சட்டப்படி 3 வருஷம் வரைக்கும் சிறை கிடைக்கலாம். சார்ஜிங் பாயிண்ட்ல கெட்டில் செருகுறதும் தப்பு. மலைக்குப் போனாலும், ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள தீ மூட்டுறது குற்றம்.

சரி, இப்போ மெஷினுக்கு வருவோம். எஸ்பிரெசோன்னா, நைஸா அரைச்ச காபித்தூள் வழியா சுமார் 9 பார் அழுத்தத்துல வெந்நீரைத் தள்ளுறது. கார் டயர்ல இருக்கிறது சுமார் 2 பார்தான். பெட்டி மேல 18 பார், 20 பார்னு போட்டிருந்தா மயங்காதீங்க. அது பம்ப்போட உச்சம். கப்புக்கு 9 போதும்.

சந்தையில மூணு வகை இருக்கு.

முதல் வகை, மோக்கா பாட். 1933-லயே இத்தாலியில வந்தது. அழுத்தம் 1.5 பார் அளவுதான். காபி ஸ்ட்ராங்கா இருக்கும், ஆனா எஸ்பிரெசோ இல்லை. அடுப்பு இல்லாம இது வேலை செய்யாது. அதனால ஹோம்ஸ்டே கிச்சனுக்கு ஓகே, ரயிலுக்கும் காட்டுக்கும் வேண்டாம்.

இரண்டாவது, பேட்டரியில தண்ணியைச் சூடாக்குற மெஷின். இங்க ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 80 மில்லி தண்ணியை 25 டிகிரில இருந்து 95-க்குக் கொண்டு போக சுமார் 6.5 வாட்-அவர் வேணும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்ல மொத்தமே 37 வாட்-அவர்தான். இழப்பே இல்லைன்னு வெச்சாலும் 5 கப்தான் வரும். அந்த சைஸ் பேட்டரி இருக்கிற மெஷினை மூணு பேர் டிரிப்புக்குக் கொண்டு போனா ஒரே நாள்ல காலி. ஆனா வெந்நீரை நீங்களே ஊத்திட்டா, பேட்டரி பம்ப்பை மட்டும்தான் ஓட்டணும். பல நாள் தாங்கும்.

மூணாவது, கை பம்ப். வகாக்கோ நானோபிரெசோ, பிக்கோபிரெசோ மாதிரி. சுமார் 350 கிராம் எடை. சார்ஜ் வேண்டாம், தீ வேண்டாம், ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீர் போதும். ரெண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. நானோபிரெசோவுல 8 கிராம் தூள், கடையில அரைச்சு வாங்கினதே போதும். பிக்கோபிரெசோவுல 18 கிராம், அதுக்கு ரொம்ப நைஸா அரைக்கணும். கை கிரைண்டரும் தூக்கிட்டுப் போறதா இருந்தா மட்டும் அதை வாங்குங்க.

சூடு குறையாம இருக்க ஒரு டிப். ஃப்ளாஸ்க்கை முதல்ல வெந்நீர் ஊத்திக் கழுவி, அப்புறம் கொதிக்கக் கொதிக்க முழுசா நிரப்புங்க. மேக்கரையும் ஒரு தடவை வெந்நீர்ல சூடாக்குங்க. கொடைக்கானல் உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும், அதனால அங்க ஒரு டிகிரியைக் கூட வீணாக்காதீங்க. டார்க் ரோஸ்ட் எடுத்துட்டுப் போனா, கொஞ்சம் சூடு குறைஞ்சாலும் சமாளிச்சிடும்.

இன்னொண்ணு: வீட்டு ஃபில்டர் காபித்தூளை இதுல போடாதீங்க. சிக்கரி ஊறி, பிசுபிசுன்னு ஆகி, சல்லடை ஓட்டையை அடைச்சிடும். பாக்கெட்ல 100% காபின்னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

ஆக, என் சாய்ஸ் கை பம்ப்பும் ஒரு நல்ல ஃப்ளாஸ்க்கும். பால் காபிதான் உங்களுக்கு உயிர்னா, இது எதுவுமே வேண்டாம். வீட்லயே டிகாக்‌ஷன் இறக்கி பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க, காசு மிச்சம்.

அன்னைக்கு மாமாவோட ஃப்ளாஸ்க்ல இருந்த வெந்நீர்லயே ஒரு ஷாட் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, "கசக்குதுடா"ன்னார். அப்புறம் மிச்சத்துல பாலும் சீனியும் கேட்டு வாங்கிக் கலந்து, முழுசா குடிச்சு முடிச்சார்.

அடுத்த எபிசோட்ல கை கிரைண்டர் பத்திப் பேசுவோம். டாட்டா!