அரியணைக்குப் பின்னால் நின்ற பீபி ராஜி

வல்லக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் முடித்துவிட்டு வாடகை அறைக்குத் திரும்பும் வடமாநிலப் பிள்ளைகளில் கிழக்கு உத்தரப்பிரதேசத்துக்காரர்களும் உண்டு. அந்தப் பக்கத்து ஜௌன்பூர் ஒரு காலத்தில் டெல்லிக்கே சவால் விட்ட தலைநகரம். அதை ஆட்டிவைத்த அரசியின் பெயரை நாம் கேள்விப்பட்டதுகூட இல்லை. முஸ்லிம் அரசி என்றால் 1236இல் பட்டமேறிய ரசியாவோடு நம் பாடப்புத்தகம் முடித்துக்கொள்கிறது.

பீபி ராஜி, ஜௌன்பூரை ஆண்ட ஷர்கி வம்சத்து சுல்தான் மகமூதின் மனைவி. 1457இல் கணவர் இறந்ததும் மூத்த மகன் முகமதுவை அரியணையில் அமர்த்தினார். அவனோ கொடுங்கோலன்; உடன்பிறந்த தம்பியையே கொல்லச் செய்தான். பெற்ற தாய் அதன்பின் பொறுக்கவில்லை. பிரபுக்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு 1458இல் இன்னொரு மகன் ஹுசைனை சுல்தானாக்கினார். முகமது கைதேர்ந்த வில்லாளி. கடைசிச் சண்டையில் அவன் அம்பறாத்தூணியில் கைவிட்டு எடுத்த அம்பு ஒன்றில்கூட முனை இல்லை. ஆயுதக்காவலனைக் கொண்டு அவற்றை முன்பே கழற்றச் செய்தது தாய்தான் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரு மகனைப் பறிகொடுத்தவள், நாட்டைக் காக்க இன்னொரு மகனையும் இழக்கத் துணிந்தாள். இதை வெறும் அரண்மனைச் சூழ்ச்சி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹுசைன் ஷா இசைப் பிரியர். ஜோன்புரி ராகத்தை அவரோடு சேர்த்துச் சொல்வது மரபு. நம் கச்சேரிகளில் அந்த ராகத்தில் 'எப்போ வருவாரோ' கேட்கும்போது அந்த ஊரின் பெயரும் காதில் விழுகிறது.

ராஜியின் மனதைச் சரியாகக் காட்டுவது அவர் 1447 வாக்கில் எழுப்பிய லால் தர்வாஜா மசூதி. பக்கத்திலிருந்த அவருடைய அரண்மனையின் சிவப்பு வாசலால் வந்த பெயர் அது. அருகில் ஒரு மதரசாவும் வைத்தார். அதே ஊரில் 1408இல் முடிந்த அடாலா மசூதியைவிட இந்த மசூதி சிறியது. அதே போல நடுவில் உயர்ந்த முகப்பு, பின்னால் குவிமாடம். ஆனால் பெண்கள் தொழும் மாடத்தைப் பாருங்கள். அடாலாவில் அது இரு கோடிகளில், தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராபிலிருந்து வெகுதூரத்தில். இங்கே நடுக்கூடத்தை ஒட்டியே, கல்லில் குடைந்த சாளரத் தட்டிக்குப் பின்னால். தொழுகை நடத்துபவரின் குரல் தெளிவாகக் கேட்கும் இடம். பெண்களை ஓரத்திலிருந்து மையத்துக்குக் கொண்டுவந்ததைவிடப் பெரிய அரசாணை எதையும் அவர் பிறப்பித்திருக்க வேண்டியதில்லை.

பின்னாளில் டெல்லி சுல்தான் சிக்கந்தர் லோடி ஷர்கிகளின் அரண்மனைகளை இடித்துத் தள்ளினான். சிவப்பு வாசலும் போயிற்று. மசூதி மிஞ்சியது, இன்றும் தொழுகை நடக்கிறது.

ஜௌன்பூர் காசியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். காசி யாத்திரை போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி, அந்த மாடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.