இலுப்பையைத் தேடி இரவில் வரும் விருந்தாளி

பங்குனியில் எங்கள் பள்ளியை ஒட்டிய தோப்பெங்கும் இலுப்பைப்பூ உதிர்ந்து கிடக்கும். "வௌவால் பூவையெல்லாம் கெடுக்குது சார், கல்லால அடிக்கலாமா?" என்று கேட்டான் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன்.

இலுப்பைப் பூவில் சூலகமுடி முதலில் வெளியே நீளும். மகரந்தம் பிறகுதான் முதிரும். அதனால் வேறொரு பூவின் மகரந்தம் வந்து சேர வேண்டும். இரவில் வரும் பழந்தின்னி வௌவால், சதைப்பற்றுள்ள இனிப்பான அல்லிவட்டத்தை மட்டும் கவ்வி இழுக்கிறது. சூலகம் காம்பிலேயே நிற்கிறது. வௌவாலின் முகத்தில் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்தைச் சேர்கிறது. பழம் பழுத்ததும் அதைத் தூக்கிச் சென்று தின்று, விதையைத் தொலைவில் போடுவதும் வௌவால்தான்.

உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிவரச் செய்தேன். பிரித்துப் பார்த்தபோது அல்லியும் மகரந்தத்தாள்களும் இருந்தன. நடுவில் ஒரு துளை மட்டுமே. "அப்போ காய் மரத்துலயே இருக்கு சார்!" என்றான், கல்லெறியக் கேட்டவன்.

வௌவாலைத் தொடக்கூடாது, அது கடித்த பழத்தை உண்ணக்கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அதை விரட்டினால் தோப்பில் புது இலுப்பைக் கன்றுகள் முளைப்பது குறையும். உங்கள் ஊரில் இலுப்பை பூக்கும்போது, ஒரு காலைப் பாடவேளையை மரத்தடிக்கு ஒதுக்கிப் பாருங்கள்.