சேவையகத்துக்கு ஏற்ற மொழி எது?

பழைய மாணவர் பதிவேட்டை இணையத்தில் ஏற்றுதல் வேண்டுமெனச் சங்கத்தார் கருதியபொழுது, கணினி பயிலும் மாணவர் சிலர் எம்மை அணுகி, "ஐயா, அதனை எந்த மொழியில் எழுதலாம்?" என வினவினர். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இது எனச் சிலர் நகைக்கலாம். எனினும், வினா மொழியைப் பற்றியதாதலின், எமக்கு எட்டிய அளவில் ஆராயத் துணிந்தோம்.

ஒருவர் தம் கைப்பேசியில் இணையத்தளமொன்றைத் திறக்குமிடத்து, அவர் கோரிக்கை தொலைவிலுள்ள கணினியொன்றைச் சென்றடைகின்றது. அதுவே சேவையகம். பதிவேட்டைத் தேடி, வேண்டிய பெயர்களை எடுத்து, பக்கமாகத் தொகுத்து அனுப்புவது அதன் பணி. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டே பெரிதும் ஆட்சி செலுத்துகின்றது. சேவையகத்திலோ விரும்பிய மொழியைக் கொள்ளலாம். தெரிவு மிகுதலின் மயக்கமும் மிகுகின்றது.

1995 இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட பி.எச்.பி., குறைந்த கட்டணச் சேவையகங்களிலும் கிடைப்பது. விக்கிப்பீடியா இயங்குவது அதனாலேயே. கைடோ வான் ரொசம் 1991 இல் வெளியிட்ட பைதன், படித்தற்கு எளியது. 1995 இல் வந்த ஜாவாவைப் பெருநிறுவனங்கள் விரும்புவன. 2009 இல் ரயன் டால் ஆக்கிய நோட், ஜாவாஸ்கிரிப்டைச் சேவையகத்துக்கும் கொணர்ந்தது.

இவற்றுள் விரைவானது எதுவென்பதே பலர் முதலிற் கேட்கும் கேள்வி. சிறு தளமொன்றில் தாமதம் பெரும்பாலும் தரவுத்தளத்திலும் வலையமைப்பிலுமே நேர்வதாம். 2004 இல் பி.எச்.பி.யிற் தொடங்கிய பேஸ்புக், பெருவளர்ச்சி கண்ட பின்னரும் அதனை முற்றாகக் கைவிடாது, அதன்வழி வந்த ஹாக் என்னும் மொழியை 2014 இல் வெளியிட்டது. ஆகவே, விரைவு பின்னர்ப் பார்க்கத்தக்கது.

தமிழ்ப் பெயர்களை மொழி எவ்வாறு எண்ணுகின்றது என்பது அதனினும் முக்கியமானது. 'தமிழ்' என்பதில் மூன்றெழுத்து என்பதைச் சிறுவரும் அறிவர். யூனிகோட்டிலோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலின் மொத்தம் 15 பைட்டு. பி.எச்.பி.யின் பொதுவான நீள அளவை 15 என்றும், பைதன் 5 என்றும் விடை தரும். இஃதறியாது பெயரொன்றை 20 பைட்டில் வெட்டினால் ஏழாவது குறியீடு இடையிலே பிளந்து சிதையும். பி.எச்.பி.யிலும் இதற்குத் தனிக் கருவிகள் உள. அறிந்து கையாளுதல் வேண்டும். பைதனின் விடையும் எழுத்தெண்ணிக்கை அன்று என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

யாவற்றினும் தலையாய வினா, பின்னர்ப் பேணுவார் யார் என்பதே. எமது பதிவேட்டின் முதல் முயற்சியை ஆற்றல்மிக்க இளைஞரொருவர் அரியதொரு மொழியில் ஆக்கித் தந்தார். மேற்படிப்புக்காக அவர் கடல் கடந்தார். சேவையகத்தைப் புதுப்பித்த நாளில் அது நின்றுபோயிற்று. அதனைப் படித்தறிவார் ஈண்டு ஒருவருமிலர். அரிதின் திரட்டிய பெயர்களை மீண்டும் கையால் எழுத நேர்ந்தது. இளைஞரிற் குற்றமில்லை, கேட்கவேண்டியதைக் கேளாதிருந்தோம் நாமே.

எனவே, எம் பதிவேட்டுக்குப் பைதனையும், அதன்மேல் அமைந்த ஜாங்கோ என்னும் சட்டகத்தையும் பரிந்துரைக்கின்றோம். நம் நாட்டு உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்திற் பைதன் இடம்பெறுதலின், அதனை அறிந்த மாணவர் ஆண்டுதோறும் வருவர். ஜாங்கோவில் நிருவாகப் பக்கம் உடனமைந்திருத்தலின், நிரலறியாத எழுதுவினைஞரும் முகவரியைத் திருத்தலாம். எனினும் மொழிகளும் மூப்படைவன. பைதன் 2 இன் ஆதரவு 2020 தைத் திங்கள் முதலாம் நாளோடு முடிவுற்றது. ஆதலின், காலந்தோறும் புதுப்பித்தலும் பிரதியெடுத்து வைத்தலும் கடமையாம்.

இத்துறையிற் பிறநாடுகளிற் பணியாற்றும் பழைய மாணவர், நம் சிறுவர் எழுதும் நிரலை ஆண்டுக்கொருமுறையேனும் படித்துத் திருத்துவாராயின் பெரும்பேறாகும். எழுதியவர் சென்ற பின்னரும் படிப்பார் எஞ்சியிருக்கும் மொழியே நமக்கு உகந்த மொழி.