ஊவாத் தோட்டங்களில் போதைப் பழக்க வினாவல்

சிறுவயதிற் புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டு வளர்ந்தோருக்கு மதுவும் புகையிலையும் விளைக்கும் கேடு பிறருக்கு விளைப்பதினும் கூடுதலாகலாம். அந்திரசைக்கிளின் வகை மருந்துகள் இதயத் தசையைப் பல்லாண்டுகளின் பின்னரும் நலிவிக்கலாம். மார்பிற் பாய்ச்சிய கதிர்கள் நுரையீரலையும் விடுவதில்லை. எனவே இவர்களின் பழக்கங்களை முறையாக வினவிச் சில நிமிட ஆலோசனை வழங்குதல் வைத்தியத்தின் ஒரு கூறேயாகும்.

உலக சுகாதார நிறுவனம் 1980களில் உருவாக்கிய 'ஓடிற்' வினாக்கொத்து பத்து வினாக்களைக் கொண்டது. உச்சப் புள்ளி 40. 8ஐ எட்டினால் அபாயம் உண்டெனக் கொள்வர். அதன்பின் நிகழவேண்டியது உபதேசமன்று. புள்ளியின் பொருளை விளக்கி, அதனைப் பழைய சிகிச்சையோடு தொடர்புபடுத்தி, குறைக்கும் வழியை அவர் வாயாலேயே சொல்லச் செய்தலாகும்.

பசறையிலோ ஹாலி-எலவிலோ ஒரு லயத்தில் இவ்வினாக்கள் எவ்வாறு ஒலிக்கும்? எத்தனை 'பானம்' என்ற வினா அளவு குறித்த போத்தலை எண்ணி எழுந்தது. கசிப்புக்கு அத்தகைய அளவு ஏது? வெற்றிலையோ போதைப்பொருள் என்ற சொல்லுக்குள் அடங்குவதாகவே கருதப்படுவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது பசிக்கும் குளிருக்கும் துணை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியீட்டில் வகைப்படுத்தியுள்ளது. ஆதலால் 'வெத்தல போடுவீங்களா, பொகையில சேர்ப்பீங்களா' என்று தனியே கேட்டாலன்றி விடை கிட்டாது. (வினாக்கொத்துகளை மொழிபெயர்ப்போர் அகராதியை மூடிவிட்டு ஒருநாள் மலையேறுதல் நன்று.)

கேட்பவர் யார் என்பதும் முக்கியமானது. தோட்ட வைத்திய உதவியாளர் நிர்வாகத்தின் ஊழியராகவே வரலாற்றில் அமைந்தவர். அவரிடம் சொன்னது துரையின் காதுக்கு எட்டும் என்ற அச்சம் நியாயமானதே. இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாதவிடத்து 'குடிப்பதில்லை' என்ற விடை பொய்யன்று, தற்காப்பு.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் முதல் அரசு மதுவில் வருவாய் ஈட்டிவந்துள்ளது. தவறணையை வாசலில் வைத்துவிட்டுத் தொழிலாளியின் மனவுறுதியை மட்டும் விசாரிக்கும் ஆலோசனை, பழியை இடம்மாற்றும் தந்திரமாகிவிடும். எனினும் இதனாலேயே ஆலோசனையை நிராகரிப்போரோடு நான் உடன்படேன். உற்பத்தி உறவுகள் மாறும்வரை நலிந்த இதயம் காத்திராது.

உடனடித் தேவையொன்றுண்டு. மஹரகமவிற் பல்லாண்டுகளின் முன் பெற்ற மருந்தும் கதிரும் எவை, எவ்வளவு என்பதை அறியாமல் இந்த ஆலோசனையைத் தொடங்கவே இயலாது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் பிள்ளையின் பெற்றோர் கையில் அவ்விவரம் தமிழில் எழுதிக் கொடுக்கப்படல் வேண்டும்.