திரை இல்லாத கம்ப்யூட்டர்!

1981-ம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்து நாட்டில் ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது.

கறுப்பு நிறப் பெட்டி. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். மேலே எழுத்துகள் அச்சடித்த பலகை. பக்கவாட்டில் வயர் செருக நான்கு துளைகள். அவ்வளவுதான்!

திரை எங்கே?

திரையைக் கம்பெனி கொடுக்கவில்லை. வாங்குகிறவர் வீட்டிலேயே அது இருந்தது. ஆம், குடும்பத்தார் உட்கார்ந்து படம் பார்க்கும் டெலிவிஷன்தான் அந்தக் கம்ப்யூட்டருக்குத் திரை!

பெட்டியின் பெயர் இசட்.எக்ஸ்.81. அதைக் கொண்டு வந்தவர் கிளைவ் சிங்க்ளேர். கேம்பிரிட்ஜ் நகரில் கம்பெனி நடத்தியவர். விலை 69 பவுன் 95 பென்ஸ். (தங்கப் பவுன் அல்ல, இங்கிலாந்து நாட்டுப் பணம்.) பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டில் தாமே பற்ற வைத்துக்கொண்டால் 49 பவுன் 95 பென்ஸ்தான்.

மற்ற கம்ப்யூட்டர்கள் அப்போது பல நூறு பவுன் விற்றன. சாதாரணக் குடும்பம் கிட்டே நெருங்க முடியாது. சிங்க்ளேர் என்ன செய்தார்? வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு இன்னொரு முறை ஏன் காசு கேட்க வேண்டும் என்று நினைத்தார். திரைக்கு டெலிவிஷன். எழுதியதைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டர். செலவு மளமளவென்று குறைந்துவிட்டது.

பொய் நிலையம்

டெலிவிஷனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஏரியல் கம்பி வழியாக வருவதை வாங்கி, படமாகக் காட்டும். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது.

ஆகவே, கம்ப்யூட்டர் ஒரு வேஷம் போட்டது. டெலிவிஷன் நிலையம் போல நடித்தது! பெட்டிக்குள் ஒரு சிறிய தகரக் கூடு இருந்தது. எழுத்துகளை நிலையத்தின் அலை போல மாற்றுவது அதன் வேலை. அந்த அலை ஆகாயத்தில் போகவில்லை. ஒரு வயர் வழியாக ஏரியல் துளைக்குள் போயிற்று. டெலிவிஷனை 36-ம் எண் அலைவரிசைக்குத் திருப்பினால், திரையில் எழுத்து வந்து நிற்கும்.

ஒரு வரிக்கு 32 எழுத்துகள்தான். அதற்கு மேல் நெருக்கினால் மங்கிவிடும். ஏரியல் வழியாக வரும் படத்தில் அவ்வளவு தெளிவு இல்லை.

ஒரே சமையல்காரர்

இன்னொரு சங்கடமும் இருந்தது. டெலிவிஷனில் படம் நிற்க வேண்டுமானால், அதை வினாடிக்கு 50 தடவை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்புவதும் கணக்குப் போடுவதும் ஒரே மூளை.

சமைப்பவரே பரிமாறவும் வேண்டும் என்றால் எப்படி? அந்தக் கதைதான்! 1980-ல் வந்த இசட்.எக்ஸ்.80 என்ற முந்தைய பெட்டியில், மூளை கணக்குப் போடப் போனால் திரையில் படம் மறைந்துவிடும். அடுப்படிக்குப் போனால் பந்தியில் ஆள் இல்லை!

இசட்.எக்ஸ்.81-ல் இதற்கு வழி கண்டார்கள். பரிமாறும் வேலையின் நடுவே கிடைக்கும் நேரத்தில் சமையல். படம் மறையாது. ஆனால், கணக்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஆமை போல நகரும். அவசரமா? படத்தை நிறுத்திவிட்டுக் கணக்கை மட்டும் போடச் சொல்லலாம்.

இவ்வளவு குறை இருந்தும் 15 லட்சத்துக்கு மேல் விற்றது! ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் இதைச் செய்து குவித்தார்கள். 1982-ல் வண்ணத்தோடு வந்த ஸ்பெக்ட்ரம் என்ற பெட்டி இன்னும் அதிகம் விற்றது.

வீட்டில் சண்டை வராமல் இருக்குமா? அப்பாவுக்குச் செய்தி பார்க்க வேண்டும். பையனுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். இருப்பதோ ஒரு டெலிவிஷன்! ஆனாலும், அப்படிச் சண்டை போட்டுக் கற்ற பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் எழுதிப் பிழைத்தார்கள்.

மறுபடியும் கேம்பிரிட்ஜ்

காலம் மாறிற்று. கம்ப்யூட்டருக்குத் தனித்திரை வந்தது. விலை உயர்ந்த பொருள் ஆனதால், "தொடாதே, கெட்டுவிடும்" என்று பிள்ளைகளை விரட்டினார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்புக்கு மாணவரைச் சேர்த்தவர்களில் எபென் அப்டன் என்பவர் ஒருவர். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதத் தெரிந்து வரும் மாணவர் வருஷத்துக்கு வருஷம் குறைவதைக் கண்டார். நண்பர்களோடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் செய்தார். பாங்கிக் கார்டு அளவு. பெயர் ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29-ந் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர்.

திரை? இதற்கும் கிடையாது! புது டெலிவிஷனுக்கு ஒரு துளை, பழைய டெலிவிஷனுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு துளை, இரண்டும் வைத்திருந்தார்கள்.

நம் வீட்டில்

ராஸ்பெரி பைதான் வேண்டும் என்பது இல்லை. மடியில் வைக்கும் லேப்டாப் கீழே விழுந்து திரை உடைந்துவிட்டதா? உள்ளே மூளை நன்றாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அதில் எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான துளை இருக்கிறதா என்று பாருங்கள். டெலிவிஷனிலும் அதே துளை இருக்கும். ஒரு வயரால் இரண்டையும் சேர்த்து, ரிமோட்டில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, அந்தத் துளையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிள்ளை பாடம் படிக்கலாம்.

பெரிய டெலிவிஷன் என்பதால் எழுத்து அதிகத் தெளிவாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. 24 அங்குலத் திரையிலும் 40 அங்குல டெலிவிஷனிலும் பல சமயம் ஒரே கணக்குதான்: குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. பெரியதில் ஒவ்வொரு புள்ளியும் பெரிது. கிட்டே உட்கார்ந்தால் சொரசொரவென்று தெரியும். தள்ளி உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் நல்லது.

மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி சோம்பலாகப் பின்னால் வருகிறதா? டெலிவிஷன் ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிக் காட்டுவதால் வரும் தாமதம் அது. படம் மாற்றும் பட்டியலில் 'கேம்' என்று இருப்பதை வைத்தால் சரியாகும்.

சில டெலிவிஷன்களில் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்படும். படத்தைச் சற்று ஊதிப் பெரிதாக்கி, ஓரங்களை மறைப்பது டெலிவிஷனின் பழைய வழக்கம். படத்தின் அளவு என்ற இடத்தில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று இருந்தால், அதை வைத்துப் பாருங்கள். 1982-ல் ஸ்பெக்ட்ரம் செய்தவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. அவர்கள் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வேட்டிக்கரை போல அகலமாக ஓரம் விட்டார்கள். வெட்டினாலும் கரைதான் போகும், எழுத்து போகாது!