பல்லுக்கும் ஒரு பட்டை

சோற்றில் கிடந்த சிறு கல் கடைவாய்ப் பல்லில் அகப்பட்டால் உடல் முழுதும் கூசிப்போகிறது. கல் என்னவோ கடுகளவுதான். ஆனால் கடைவாய்ப் பற்கள் அழுத்திக் கடிக்கும்போது அவ்விசை 500 நியூட்டன் வரை எட்டக்கூடும். ஏறத்தாழ 50 கிலோகிராம் மூட்டையின் எடை! நலமான பல் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. சொத்தையால் குடையப்பட்ட பல் தாங்குமா?

சொத்தை பல்லின் உட்கூழை எட்டிவிட்டால், மருத்துவர் கூழை நீக்கி வேரின் கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைக்கிறார். இதுவே வேர்ச் சிகிச்சை. வலி நின்றுவிடுகிறது. "இனி உறை போட வேண்டும்" என்கிறார் மருத்துவர். பேச்சு வழக்கில் நாம் 'கேப்' என்பது இதைத்தான். வலிதான் இல்லையே என்று பலர் திரும்பிப் போவதில்லை. ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் பிளக்கிறது. பிளவு வேருக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை.

பல் ஏன் பிளக்கிறது? உயிர் போன பல் உலர்ந்து நொறுங்குவதாகச் சொல்வதுண்டு. முதன்மையான காரணம் அதுவன்று. சுவர்களின் இழப்பே காரணம். ஓர் அட்டைப் பெட்டியின் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டை வெட்டிவிட்டு, எஞ்சிய சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளிப் பாருங்கள். எளிதில் சாய்கின்றன அல்லவா? 1989-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வேர்ச் சிகிச்சைக்கான துளையால் மட்டும் பல்லின் விறைப்பு சுமார் 5 விழுக்காடே குறைந்தது. பக்கத்துப் பற்களைத் தொடும் இரு ஓரச் சுவர்களையும் இழந்த பல்லிலோ அது சுமார் 63 விழுக்காடு குறைந்தது! எஞ்சி நிற்பவை கன்னப்புறச் சுவரும் நாக்குப்புறச் சுவரும். எதிர்ப்பல்லின் முனை அவற்றின் நடுவே, விறகில் அறையும் ஆப்பைப் போல் இறங்குகிறது.

ஒரு சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் பிடித்து நேராக அமுக்கினால் எளிதில் உடையாது. சற்றே வளைத்தால் உடைந்துவிடும். வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் இழுபடுகிறது. இழுவிசை விரிசலைத் திறக்கிறது. அமுக்கமோ விரிசலை மூடுகிறது. பல், பீங்கான் போன்ற நொறுங்கும் பொருள்கள் எல்லாம் இப்படித்தான்.

மாட்டு வண்டியின் மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை அறிவீர்கள். சூட்டில் விரிந்த பட்டை, குளிர்ந்ததும் சுருங்கிச் சக்கரத்தை இறுக்குகிறது. பல்லுறையைச் சூடாக்கிப் போடுவதில்லை. பல்லைச் சுற்றிலும் செதுக்கி, அச்செடுத்து, அதற்கேற்பச் செய்த உறையைச் சிமெண்டால் ஒட்டுகிறார்கள். எனினும் சுவர்கள் விலக முயலும்போது அது பட்டையைப் போலவே பிடித்துக்கொள்கிறது. இதற்கு, ஈறுக்கு மேல் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரமாவது நலமான பல் சுற்றிலும் எஞ்சியிருப்பது நல்லது. நாளைக் கடத்திப் பல் உடைந்தால், பட்டைக்குப் பிடிமானம் ஏது?

உறையும் உடையலாம் அல்லவா? அங்கும் இதே உத்திதான். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிச் சுட்ட உறைகளில், பீங்கானைவிட வெப்பத்தால் சற்றே அதிகமாக விரியும் உலோகக் கலவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சூளையிலிருந்து எடுத்துக் குளிரும்போது உலோகம் கூடுதலாகச் சுருங்கிப் பீங்கானை அமுக்க நிலையில் வைக்கிறது.

இன்று பரவலாகப் பயன்படும் சிர்க்கோனியா உறை இன்னும் வியப்பானது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் என்னும் கனிமம் கிடைக்கிறது. அதிலுள்ள சிர்க்கோனியம் உலோகத்தின் ஆக்சைடே சிர்க்கோனியா. இவ்வுறையில் விரிசல் தோன்றினால், அதன் நுனியிலுள்ள நுண்படிகங்கள் தம் அமைப்பை மாற்றிக்கொண்டு கனஅளவில் சுமார் 4 விழுக்காடு பெருக்கின்றன. பெருத்த படிகங்கள் விரிசலை நெருக்கி, மேலும் பரவாமல் தடுக்கின்றன. இப்பண்பை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1975-இல் வெளியிட்டனர்.

பல்லைச் சுற்றிய உறை, பீங்கானுக்குள் உலோகம், விரிசல் நுனியில் படிகம் - மூன்றும் செய்யும் வேலை ஒன்றே: விரிசலுக்குத் திறக்க இடங்கொடாமை.

வேர்ச் சிகிச்சை செய்த எல்லாப் பற்களுக்கும் உறை வேண்டும் என்பதில்லை. சேதம் குறைந்த முன்பற்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம். அதை மருத்துவரே முடிவு செய்வார். உறை போட்ட பின்னும் அதன் விளிம்பில் சொத்தை வரக்கூடும். ஆகவே ஈறோரத்தை நன்றாகத் துலக்க வேண்டும்.

எலும்பு முறிந்தால் கூடும். பிளந்த பல் கூடுவதில்லை. வீட்டில் யாரேனும் வலி நின்றதென்று உறையைத் தள்ளிப்போட்டால், அந்த அட்டைப் பெட்டியை அவர்களிடம் காட்டுங்கள்.